கூடமாட ஒத்தாசையா?

நேற்று குரூப்பில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. ஆஸ்திரேலியாவில் கெய்ன்ஸ் நகரத்துப் பக்கம், பாழாகிப் பிறகு மீட்கப்பட்ட ஈஸ்ட் டிரினிட்டி கழிமுகத்தின் படத்தைத்தான் போட்டேன். ஒரு பெரியவர் வந்து, "விஞ்ஞானிகள் சாதித்தார்கள், பூர்வகுடிகள் கூடமாட ஒத்தாசை செய்தார்கள்" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போனார். அதற்கு அறுபது இதயம்!

ஒத்தாசையாம். 1970களில் கரும்பு போடுவதற்காக அங்கே கடல் தண்ணீர் ஏறாதபடி ஏழு கிலோமீட்டருக்குக் கரை கட்டினார்கள். ஓதம், அதாவது கடல் நீர் ஏறி இறங்குவது நின்றது, சேறு காய்ந்தது. நீருக்குள் சாதுவாகக் கிடந்த பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் காற்றுப் பட்டதும் கந்தக அமிலமானது. மழை பெய்தால் அமிலம் ஓடைக்கு வரும், மீன் செத்து மிதக்கும். அலையாத்தி பட்டுப்போனது. கரும்பாவது உருப்பட்டதா என்றால் அதுவும் இல்லை. 2000இல் குயின்ஸ்லாந்து அரசு நிலத்தை வாங்கி, அப்புறம் மதகு வழியாக ஓதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு, சுண்ணாம்பும் சேர்த்து அமிலத்தை முறித்தது. அருமையான அறிவியல். நான் எங்கே மறுத்தேன்?

ஆனால் அது மண்டிங்கல்பே யிடிஞ்சி என்ற பூர்வகுடி மக்களின் மண். அந்த வட்டாரத்தில் அவர்களுடைய உரிமையை 2006இல் நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. 2011இல் பூர்வகுடிகளே பராமரிக்கும் பாதுகாப்புப் பகுதியாகவும் அறிவித்தார்கள். களையோடும் காட்டுப்பன்றியோடும் முதலை நடமாடும் சேற்றில் மல்லுக்கட்டுகிறவர்கள் அவர்களுடைய ரேஞ்சர்கள். விஞ்ஞானி ஆய்வை முடித்துக் கிளம்பலாம், இவர்கள் எங்கே கிளம்புவது? சொந்த வீட்டைப் பார்த்துக்கொள்வதற்குப் பெயர் ஒத்தாசையா?

"சுண்ணாம்பு அளவு அவர்களுக்குத் தெரியுமா?" என்று கேட்பீர்கள். கரை கட்டிய மகராசன்களுக்கு மட்டும் பைரைட் தெரிந்திருந்ததா?

"உனக்கு ஏன் இவ்வளவு கோபம்?" சொல்கிறேன். சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் பக்கம் எங்கள் வயல் உப்பேறிக் கிடந்தது. மண் மாதிரி எடுக்க வந்தவரிடம், வாய்க்கால் எங்கே அடைத்திருக்கிறது என்று காட்டத்தான் அப்பா போனார். "பெரியவரே, ஓரமா நில்லுங்க" என்றார் அந்த மனிதர். பிறகு வந்த அறிக்கையில் "உள்ளூர் விவசாயிகளின் ஒத்துழைப்புடன்" என்று ஒரே ஒரு வரி. அந்தத் தாளை அப்பா கடைசிவரை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

உள்பெட்டியில் மூன்று பேர், "விடு தம்பி, வயசானவர்" என்கிறீர்கள். எழுபது வயசுக்கு இவ்வளவு மரியாதை கேட்கிறீர்களே, பல்லாயிரம் வருஷமாக அங்கேயே இருக்கிறவர்களுக்கு? முதலில் அந்த கமெண்டைத் திருத்தச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.