வெயிட்டான பைக் வளைவுல கவுக்காதா? தப்பு
"க்ரூஸர் பைக் வெயிட்டு, ரோட்ட கவ்விப் பிடிச்சுக்கும், தொப்பூர் கணவாய் வளைவுல 80-ல போனாலும் ஒண்ணும் ஆகாது"ன்னு தர்மபுரி பக்கம் வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்ட் சுத்துது, தயவுசெஞ்சு நம்பாதீங்க.

வெயிட் கூடுனா டயர் கிரிப் கூடும், சரிதான், ஆனா அந்த வெயிட்ட வளைவுக்குள்ள திருப்ப வேண்டிய விசையும் அதே அளவுக்குக் கூடிடும், அதனால லாபம் ஒண்ணுமில்ல. ஸ்பீடுதான் ஆள அடிக்கும். 40-ல போறவன் 80-ல போனா அதே வளைவுக்கு 4 மடங்கு விசை வேணும்.

இன்னொண்ணு, ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650 மாதிரி க்ரூஸர் வண்டி 240 கிலோ கிட்ட, நீளமா தாழ்வா இருக்கும், அதனால ரொம்ப சாய்க்க முடியாது. கொஞ்சம் சாய்ச்சதுமே ஃபுட்பெக் (கால் வைக்கற கம்பி) தார்ல கர்ருனு உரசும், அதுக்கும் மேல சாய்ச்சா அடியில இருக்கற இரும்பு ரோட்டுல ஊனி பின் டயரையே தூக்கிடும். உரசுற சத்தம் கேட்டதும் பயந்து வண்டிய நிமித்துனீங்கன்னா நேரா பக்கத்து லாரிக்குத்தான் போவீங்க. தொப்பூர்ல சேலம் பாத்து போறப்ப இறக்கம் வேற, லாரி சிந்துன டீசல் வேற கெடக்கலாம்.

வளைவுக்கு முன்னாடியே பிரேக் புடிச்சு கியர் குறைங்க, கண்ணு வளைவோட முடிவுல இருக்கட்டும், வெளிய வர்றப்ப ஆக்சிலேட்டர் குடுங்க.