16 வயது தாண்டினால் அரசு வக்கீல் தூக்கு கேட்கலாமா?

"16 வயது முடிந்தால் போதும், கொலை வழக்கில் அரசு வக்கீலே பையனைப் பெரியவர்கள் கோர்ட்டுக்கு மாற்றித் தூக்கு வாங்கிக் கொடுத்துவிடலாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, எவ்வளவு மூத்த அரசு வக்கீலானாலும் வாதாடத்தான் முடியும். ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் அடங்கிய இளைஞர் நீதிக் குழுமம்தான் பையனின் மனநிலை, உடல்திறன், விளைவைப் புரிந்துகொள்ளும் பக்குவம், சம்பவச் சூழல் எல்லாவற்றையும் எடைபோடும். அப்புறம் வழக்கு போனாலும் குழந்தைகள் நீதிமன்றத்துக்குத்தான் போகும். பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று அங்கேயும் மறுபடி முடிவெடுக்க வேண்டும். பரப்புகிறவர்கள் வசதியாக விட்டுவிடுகிற படி இது.

சரி, தூக்கு? 21ஆம் பிரிவு அடியோடு தடுக்கிறது. விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. 21 வயதாகும்வரை சிறைக்கும் அனுப்ப முடியாது.