கேம்பர்வேனில் நியூசிலாந்து: மாலையிலிருந்து திட்டம் போடுங்கள்

நியூசிலாந்தின் தென் தீவில் கேம்பர்வேன் (படுக்கை, சமையல் வசதியுள்ள வேன்) எடுத்து ஓட்டப் போகும் நம்மவர்கள் போடும் திட்டத்தில் ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறது. காலையில் கிறைஸ்ட்சர்ச்சில் வண்டி எடுப்பது, டெகாபோவில் ஏரியை எட்டிப் பார்ப்பது, இரவுக்குள் குயின்ஸ்டவுன். கிட்டத்தட்ட 480 கிலோமீட்டர்! தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அந்த ஊர்கள் தங்களைக் காட்டுவதே பொழுது சாய்ந்த பிறகுதான்.

என்னைக் கேட்டால், முதல் பயணத்துக்கு கிறைஸ்ட்சர்ச், டெகாபோ, ஓமரு, டனீடின் போதும். தோராயமாக 225, 205, 115 கிலோமீட்டர். மேப் மூன்று மணி நேரம் என்றால் நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கேம்பர்வேன் ஏற்றத்தில் திணறும், காற்றில் ஆடும். ஒற்றை வழிப் பாலங்களில் உங்கள் பக்கத்து அம்பு சிறியதாக, சிவப்பாக இருந்தால் எதிரே வருபவருக்கு வழிவிட்டு நிற்க வேண்டும். மாலை நான்கு மணிக்குள் முகாமுக்கு (இரவு வேன் நிறுத்தித் தங்கும் இடம்) போய்விட்டால் சமைத்து, சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போடலாம். அந்தத் தூக்கம் முக்கியம். அங்கே டிசம்பர் கோடைக்காலம், சூரியன் மறையவே ஒன்பது மணி தாண்டும், டெகாபோவில் முழு இருட்டு வர நள்ளிரவு நெருங்கிவிடும்.

டெகாபோ இருக்கும் மெக்கன்சி பகுதி 2012-ல் சர்வதேச இருள்வானக் காப்பகமாக, அதாவது செயற்கை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி இரவு வானைக் காக்கும் பகுதியாக, அறிவிக்கப்பட்டது. டிக்கெட் போடும் முன் தினசரிக் காலண்டரில் அமாவாசை எப்போது என்று பாருங்கள். முழுநிலவில் போனால் பாதி வானம் வீண். சென்னையில் தெற்கே தாழ்வாகத் தெரியும் அகத்திய நட்சத்திரம் அங்கே மறைவதே இல்லை. கோடையில் நள்ளிரவு தாண்டினால் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே நிற்கும். ஓரியன் (வேட்டைக்காரன்) விண்மீன் கூட்டம் தலைகீழாகத் தெரியும். கோடையானாலும் ஸ்வெட்டர் வேண்டும், டார்ச்சில் சிவப்பு வெளிச்சம் வேண்டும். வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும், பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்து.

வண்டிக்குள் மின்சாரம் இரண்டு வகை. விளக்கு, தண்ணீர் பம்ப், ஃபிரிட்ஜ் எல்லாம் உள் பேட்டரியில் ஓடும். ரைஸ் குக்கர், கெட்டில், மைக்ரோவேவ் பெரும்பாலான வாடகை வண்டிகளில் முகாமின் கேபிளைச் செருகினால்தான் வேலை செய்யும். குக்கரை நம்பி அரிசி வாங்குபவர்கள் பவர் சைட் (மின் இணைப்புள்ள இடம்) என்று கேட்டு புக் செய்யுங்கள். தாளிப்பை வண்டிக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம், கடுகு வெடித்து மிளகாய் கருகும்போதே புகை அலாரம் அலறும். முகாமின் பொதுச் சமையலறையில் அடுப்பு இருக்கும். ஊரிலிருந்து பொடி, ஊறுகாய் கொண்டுபோனால் விமான நிலையத்தில் படிவத்தில் எழுதிக் காட்டிவிடுங்கள். மறைத்தால் 400 டாலர் அபராதம். பச்சைக் கறிவேப்பிலையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

எல்லோரும் தயங்கும் கேசட் டாய்லெட்டில் (கழிவு சேரும் பெட்டியை வெளியே எடுத்துக் காலி செய்யும் வண்டிக் கழிப்பறை) பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு பேருக்கு இரண்டு நாள் தாங்கும். பெட்டியின் வாயை அடைக்கும் உள்தகட்டை மூடினால்தான் பெட்டி வெளியே வரும். டம்ப் ஸ்டேஷனில் (கழிவு கொட்டும் இடம்) கவிழ்க்கும்போது காற்றுப் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள், இல்லாவிட்டால் குபுக் குபுக்கென்று காலில் தெறிக்கும். அலசிய பிறகு சுமார் இரண்டு லிட்டர் தண்ணீரும் ரசாயனமும் ஊற்ற மறந்தால் மறுநாள் நாற்றம் வண்டியை நிறைக்கும். அலசும் குழாயில் குடிதண்ணீர் பிடிக்கவே கூடாது.

ஓமருவில் இருட்டத் தொடங்கியதும் கடலிலிருந்து நீலப் பெங்குவின்கள் கூட்டமாகக் கரையேறும். உலகிலேயே சிறிய பெங்குவின் இனம், ஒன்று சுமார் ஒரு கிலோதான். ஃபிளாஷ் அடிக்காதீர்கள், குறுக்கே நிற்காதீர்கள். மனிதர் நின்றால் கூட்டுக்குப் போகாமல் தண்ணீரிலேயே காத்திருக்கும், குஞ்சு பசியோடு கிடக்கும். துறைமுகப் பக்கம் நிறுத்திய வண்டியை எடுக்கும் முன் குனிந்து சக்கரத்தடியில் பாருங்கள். அவை தெருவைக் கடந்து போகிற ஊர் அது.

கடைசிக் கட்டம் சுலபம். மொயராக்கி உருண்டைப் பாறைகளுக்கு அலை வற்றும் நேரம் பார்த்து நிறுத்துங்கள். டனீடினில் செங்குத்தான பால்ட்வின் தெருவில் வேனை ஏற்றவே வேண்டாம், கீழே விட்டு நடந்து ஏறுங்கள். மாலையில் 1906-ல் திறந்த ரயில் நிலையத்துக்குப் போங்கள். கரும்பாறைச் சுவரில் வெள்ளை விளிம்பாக ஓடுவது, முந்தின நாள் ஓமரு கட்டிடங்களில் பார்த்த அதே சுண்ணாம்புக்கல்.