மியூரியலுக்காக ஒரு வார்த்தை

போன சனிக்கிழமை திருகோணமலையில் விடாத மழை. டச்பே கடற்கரைப் பக்கம் காற்று வாங்கப் போகும் வழக்கத்தை விட்டுவிட்டு, 1994 இல் வந்த ‘இட் குட் ஹேப்பன் டு யூ’ என்ற ஆங்கிலப் படத்தை வீட்டாரோடு உட்கார்ந்து பார்த்தேன். சார்லி என்ற நியூயோர்க் பொலிஸ்காரர் ஒருவர் (நிக்கலஸ் கேஜ்) கோப்பி குடித்த கடையில், பரிமாறிய பெண்ணுக்கு டிப்ஸ் கொடுக்கக் காசில்லாமல் நிற்கிறார். சட்டைப் பையில் இருக்கும் லொத்தர் சீட்டு விழுந்தால் பாதி உனக்கு என்று சொல்லிவிட்டுப் போகிறார். சீட்டு விழுகிறது, 40 இலட்சம் டொலர். மனிதர் சொன்னபடியே பாதியைக் கொடுத்தும் விடுகிறார்.

படம் முடிந்ததும் அம்மா கேட்டார்: “சீட்டை வாங்கிவரச் சொன்னதே பெண்சாதிதானே? பிறகு ஏன் அவளைப் பேராசைப் பேயாகக் காட்டுகிறார்கள்?”

அந்தப் பெண்சாதிதான் மியூரியல். ரோசி பெரெஸ் நடித்திருக்கிறார். வழக்குப் போட்டு முழுப் பணத்தையும் வென்றுவிடுகிறாள் என்பதற்காகப் படம் அவளை மன்னிக்கவே இல்லை. கடைசியில் ஓர் ஏமாற்றுக்காரனிடம் பணத்தைப் பறிகொடுக்க வைத்துவிட்டுத்தான் ஓய்கிறது. நானும் அந்த இடத்தில் நன்றாகச் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இந்தக் கதைக்கு ஓர் உண்மைச் சம்பவம் இருக்கிறது. 1984 இல் நியூயோர்க் மாநிலத்தின் யொங்கர்ஸ் நகரில் ஒரு பொலிஸ்காரரும் உணவகப் பணிப்பெண்ணும் இப்படி 60 இலட்சம் டொலரைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஆனால், அங்கே சீட்டின் எண்களை இருவரும் சேர்ந்தே தெரிவு செய்தார்கள். ஆகவே, அந்தப் பெண்ணுக்கு அதில் நேர்மையான பங்கு இருந்தது. படத்தில் வருவதுபோல் காதலும் இல்லை, விவாகரத்தும் இல்லை. அவரவர் குடும்பத்தோடு அவரவர் இருந்தார்கள். படம் எடுத்தவர்கள் அந்த எண் விஷயத்தை நீக்கிவிட்டு, வெறும் வாய்வார்த்தையை மட்டும் மிச்சம் வைத்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான். பகிடியாகச் சொன்ன சொல்லும் கடனாகுமா என்ற கேள்வி அப்போதுதான் உறைக்கிறது. ஆகும் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால், சார்லி வாக்குக் கொடுத்தது தன் பங்கிலிருந்து அல்ல, வீட்டுப் பணத்திலிருந்து. அந்த வித்தியாசத்தைப் படம் கண்டுகொள்ளவில்லை.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த காலம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிளில் பலகை கட்டி லொத்தர் விற்கும் ஐயா ஒருவர் இருந்தார். ஊருக்குள் திரியும் மான்கள் வந்து சீட்டுக் கட்டை முகர்ந்து பார்க்கும். அவர் துவாயால் விசிறித் துரத்துவார். அப்பாவுக்காக நாளுக்கு ஒரு சீட்டு எடுத்து வைப்பார். மாத முடிவில்தான் கணக்குத் தீர்ப்பது. ஒருநாள் இரவு எட்டு மணிக்கு வீட்டு வாசலில் சைக்கிள் மணி கேட்டது. கையில் சீட்டு, விழுந்தது 10,000 ரூபாய். அப்பா இன்னும் காசு கொடுக்காத சீட்டு; எண்ணைக் கண்ணால் பார்த்திராத சீட்டு. ஐயா தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தால் எங்களுக்குத் தெரியவே வந்திராது.

அப்பா உணர்ச்சிவசப்பட்டு, “பாதி உங்களுக்கு” என்று சொல்லிவிட்டார். குசினியில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. அந்த மாதம் என் டியூஷன் காசு பாக்கி, கூரையில் இரண்டு ஓடு உடைந்திருந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. தேநீரில் மட்டும் சீனி இல்லை.

ஐயா அந்த 5,000 ரூபாயை வாங்க மறுத்து, பிறகு 1,000 மட்டும் எடுத்துக்கொண்டு போனார். படத்தின் முடிவில் ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் தபாலில் பணம் அனுப்பி நல்லவர்களைக் கரைசேர்ப்பார்கள். எனக்குப் பிடிக்காத இடம் அதுதான். கொடுத்ததை வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டால் கொடுத்ததற்கு என்ன கனம்? எங்களுக்கு ஒரு தபாலும் வரவில்லை. ஓடு அடுத்த மாரிவரை ஒழுகியது.

மறுநாளிலிருந்து அப்பா சீட்டுக்குக் கையோடு காசு கொடுத்துத்தான் வாங்கினார். அம்மாவின் கட்டளை.