விருந்தாளின்னு சொல்லாதீங்க ஐயா

அந்த வீடியோவ இந்நேரம் எல்லாரும் பாத்திருப்பீங்க, அதனால லிங்க் போடல, யார் பேரும் போடல. பர்மாவுல நம்ம தமிழ்க் கோயில் மேடை, பின்னாடி அம்மன் படம், பக்கத்துல பட்டாள யூனிஃபார்ம்ல ஒருத்தர், அவருக்கு பொன்னாடை போத்தி கும்புட்டுட்டு நம்ம பெரியவர் மைக்க புடிக்கிறார். "நாம இந்த நாட்டுக்கு வந்த விருந்தாளிங்க, வீட்டுக்காரங்க சொல்றத கேட்டு நடந்தா நமக்கு ஒரு கொறையும் வராது, அரசியல் நமக்கு வேண்டாம்." கீழ கமெண்ட்ல வரிசையா கும்புடு. பல்ல கடிச்சுட்டு சும்மா இருந்து பாத்தேன், முடியல.

பெரியவர அவமானப்படுத்த இத எழுதல. சின்னப் புள்ளையில அவர் கையால திருநீறு வாங்கி பூசுனவ நான். ஆனா ஐயா, நான் விருந்தாளி இல்ல. என் அப்பா பொறந்தது பெகு பக்கம், நான் பொறந்தது ரங்கூன், எங்க அப்பாயிய எரிச்சதும் இங்கதான். எந்த வீட்டு விருந்தாளி நாலு தலைமுறையா அதே வீட்டு வயல்ல நாத்து நட்டுட்டு இருந்தான்?

சரி, விருந்தாளின்னே வெச்சுக்குவோம். விருந்தாளிய யாராச்சும் பட்டாளத்துக்கு இழுத்துட்டு போவாங்களா? 2021ல ஆட்சிய புடிச்ச பட்டாளத்துக்காரங்க 2024 பிப்ரவரி 10ஆம் தேதி கட்டாய ராணுவ சேவை சட்டத்த அமலுக்கு கொண்டு வந்தாங்க. 2010லயே எழுதி வெச்ச சட்டம், இத்தன வருஷம் பொட்டியில கெடந்தது, சண்டையில எல்லாப் பக்கமும் கேம்ப் கேம்ப்பா விட்டுக் குடுத்ததும் வெளிய எடுத்தாங்க. ஆம்பளைங்கன்னா 18ல இருந்து 35, பொண்ணுங்கன்னா 18ல இருந்து 27. ரெண்டு வருஷம்னு சொல்லிட்டு, அவசர நிலைன்னா அஞ்சு வருஷம்னு கூடவே எழுதியிருக்கான். அதே வருஷம் மே மாசம், ஆம்பளைங்க வெளிநாட்டு வேலைக்கு போற அனுமதியையும் நிறுத்திட்டான்.

எங்க அண்ணன் மகன் கதைய சொல்றேன். அண்ணி பாமா பொண்ணு, அதாவது இந்த நாட்டு பெரும்பான்மை பர்மிய இனம். பையனுக்கு பதினெட்டு முடிஞ்சு மப்போந்தின், அதான் அடையாள அட்டை, மாத்தணும்னு லவக ஆபீஸுக்கு, அதான் குடியேற்ற ஆபீஸுக்கு போனா, பாமா பசங்க வந்த அன்னைக்கே வேலைய முடிச்சுட்டு போறாங்க, இவன தனியா நிக்க வெச்சாங்க. அப்பா பேப்பர் கேட்டாங்க, குடுத்தோம். தாத்தா பேப்பர் கேட்டாங்க, குடுத்தோம். தாத்தாவோட அப்பா எந்த வருஷம் வந்தார், எந்தக் கப்பல்ல வந்தார், எழுத்துல காட்டுன்னு கேட்டாங்க. அத யாருங்க வெச்சிருப்பா? பையன் மாசக்கணக்கா அலைஞ்சான், கடைசியில வழக்கமா நடக்குறதுதான் நடந்தது, எங்க அண்ணி வளையல வித்து அந்த கார்டு வந்துச்சு. அதே பையன் பேரு பட்டாள லிஸ்ட்ல எப்படி வந்துச்சு தெரியுமா? வார்டு ஆபீஸ்ல இருந்து தாள எடுத்துட்டு வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாங்க, முதல் பக்கத்துலயே இருக்கு. அங்க யாரும் கொள்ளுத்தாத்தா பேர கேக்கல. கப்பல் பேர கேக்கல. நீ கலாவா (நம்மள இளக்காரமா கூப்புடுற பேரு) பாமாவான்னு கூட கேக்கல. கார்டு வாங்கப் போனா வந்தேறி, துப்பாக்கி தூக்கறதுக்குன்னா சொந்தப் பிரஜை.

அவன் இப்ப எங்க இருக்கான்னு எழுத மாட்டேன். நானும் எங்க இருக்கேன்னு எழுத மாட்டேன். "வெளிய போய் உக்காந்துட்டு பேசுறது ஈஸிம்மா, உள்ள இருக்கறவங்க பொழப்ப கெடுக்காத"ன்னு இன்பாக்ஸ்ல வந்து சொல்ற அண்ணன்மாருங்களுக்கு ஒண்ணு சொல்றேன், வீட்ட பூட்டி சாவிய பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்துட்டு வந்தவளுக்கு ஈஸின்னு எதுவும் இல்ல. உள்ள இருக்கறவங்க பயந்து வாய மூடியிருந்தா நான் ஒரு நாளும் கொற சொல்ல மாட்டேன். பயம் வேற. பொன்னாடை வேற.

நான் சொல்றது இவ்வளவுதான். இந்த நாட்டுல யாரு எந்த இனம், யாரு வீட்டுக்காரன், யாரு விருந்தாளிங்கிறத எப்பவும் முடிவு பண்ணது துப்பாக்கி வெச்சிருந்தவன்தான். வெள்ளைக்காரன் காலத்துலயும் அப்படித்தான், ஜெனரல்மார் காலத்துலயும் அப்படித்தான். நாம நல்ல புள்ளையா நடந்துக்கிட்டதால எந்த முடிவும் மாறல.

1982 குடியுரிமைச் சட்டத்த எடுங்க. 1823க்கு முன்னாடியே இந்த மண்ணுல இருந்த இனம்தான் இந்த நாட்டு இனமாம். ஏன் 1823? ஏன்னா 1824ல வெள்ளைக்காரன் முதல் சண்டைய ஆரம்பிச்சான். அந்த சண்டைக்கு மெட்ராஸ் பட்டாளத்து சிப்பாய்ங்கள கப்பல்ல ஏத்திக் கொண்டு வந்து எறக்குனான், அதுல நம்ம ஆளுங்களும் இருந்தாங்க, கொத்துக்கொத்தா செத்தாங்க, சண்டையவிட காய்ச்சல்லயும் பேதியிலயும் செத்தவங்கதான் ஜாஸ்தி. ரெண்டு ராஜாங்கம் போட்ட சண்டை, அது தொடங்குன வருஷம் இன்னைக்கு என் மருமகன் கையில இருக்குற கார்டோட கலர முடிவு பண்ணுது. முழுப் பிரஜைக்கு பிங்க், மத்தவங்களுக்கு ப்ளூ, பச்சை. 135 இனம்னு ஒரு லிஸ்ட் வெச்சிருக்காங்க, அதுல தமிழனும் இல்ல தெலுங்கனும் இல்ல. மூணாவது தலைமுறைக்கு முழுக் குடியுரிமை உண்டுன்னு அதே சட்டத்துல இருக்கு, ஆனா அத கவுண்டர்ல போய் சொல்லிப் பாருங்க. சட்டம் வந்தப்போ, ஆட்சிய கையில வெச்சிருந்த ஜெனரல் நே வின் பேசுன பேச்சோட சாரம் என்னன்னா, இவங்க இங்க பொழைச்சுக்கலாம், நாட்டோட தலையெழுத்த முடிவு பண்ற எடத்துல உக்கார வைக்க முடியாதுன்னு. அதத்தான் இப்ப நம்ம பெரியவரு மேடையில தமிழ்ல சொல்றாரு.

"ராணுவம் இல்லன்னா இந்த நாடு துண்டு துண்டா போயிருக்கும்"னு ஒருத்தர் எழுதியிருந்தார். துண்டு போட்டது யாருங்க? வெள்ளைக்காரன் சிறுபான்மை இனங்களான கரேன், காச்சின், சின் ஆளுங்களாப் பாத்து பட்டாளத்துல சேத்தான், பாமாவ நம்பல. 1939ல பர்மா ராணுவத்துல கரேன் 1448 பேரு, சின் 886, காச்சின் 881, நாட்டுல பெரும்பான்மையான பாமா வெறும் 472. நீ வீர இனம், நீ இல்லன்னு அவன் பிரிச்சான். பாமாவுக்கு அந்தக் கோவம், ஜப்பான்காரன் கூட சேந்து சொந்தப் பட்டாளம் கட்டுனாங்க, 1942ல மியாவ்ங்மியா பக்கம் அந்தப் பட்டாளமும் கரேன் ஊர்க்காரங்களும் வெட்டிக்கிட்டது கரேன் வீடுகள்ல இன்னைக்கும் மறக்கல. சுதந்திரம் வந்து ஒரே வருஷத்துல, 1949ல, கரேன்காரங்க ரங்கூன் ஓரத்துல இருக்குற இன்செயின் வரைக்கும் வந்து சண்டை போட்டாங்க. அப்ப தளபதியா இருந்த ஸ்மித் டன் கரேன்காரர், அவர எறக்கிட்டு அந்த எடத்துல உக்காந்தவர்தான் நே வின். அவரே 1962 மார்ச் 2ஆம் தேதி நாட்டையே எடுத்துக்கிட்டார். பட்டாளம் போட்ட கோட்ட காட்டி, பாரு நாடு பிரிஞ்சு கெடக்கு, அதனால பட்டாளம் வேணும்னு சொல்றதுல என்ன நியாயம் இருக்கு?

நம்ம கதைக்கு வருவோம். 1931 கணக்குப்படி ரங்கூன்ல பாதிக்கு மேல இந்தியாக்காரங்க. 1941 டிசம்பர் 23 ஜப்பான் குண்டு போட்டான், மார்ச்ல ரங்கூன் விழுந்துச்சு, வெள்ளைக்காரங்களுக்கு கப்பலும் ஏரோப்ளேனும் முதல்ல கெடச்சுச்சு, நம்ம ஆளுங்க லட்சக்கணக்குல இந்தியாவுக்கு நடந்தாங்க, ஆயிரக்கணக்குல வழியிலேயே விழுந்தாங்க. வெள்ளைக்காரனுக்கு விசுவாசமா துறைமுகத்துல மூட்டை தூக்குனவங்கதான் அவங்க. எங்க தாத்தாவோட அண்ணன் நடக்கல, வயல விட்டுட்டு வர மாட்டேன்னு இருந்துட்டார். அவர ஜப்பான்காரன் சயாம் மரண ரயில் ரோடு போடுற வேலைக்கு பிடிச்சுட்டுப் போனான். ஊருக்கு இத்தன ஆளுன்னு கேட்டான், ஊர்த்தலைவன் லிஸ்ட் எழுதிக் குடுத்தான். அந்த ரயில் ரோட்டோட பர்மா முனையான தன்பியூசயா பக்கம் போனவர் திரும்பல. அப்பாயி இத சொல்றப்ப ரயில் பத்தி பேச மாட்டாங்க, லிஸ்ட் எழுதுன ஆளு வீட்டுல அன்னைக்கு விருந்து சாப்பாடுன்னு அதத்தான் திரும்பத் திரும்ப சொல்வாங்க.

அப்புறம் 1964. கடைங்கள எல்லாம் அரசாங்கம் எடுத்துச்சு, மே 17 அம்பது, நூறு சாட் நோட்டு செல்லாதுன்னான், மூணு லட்சம் பேர் வரைக்கும் கப்பல் ஏறுனாங்க. தாலிய கழட்டி வெச்சுட்டு மஞ்சக் கயித்தோட போனவங்கள அப்பாயி துறைமுகத்துல பாத்திருக்காங்க. இன்னைக்கு சென்னையில பர்மா பஜார்ல கடை வெச்சிருக்கறவங்களும், மணிப்பூர் எல்லையில மோரேல கோயில் கட்டி இருக்கறவங்களும் அப்ப போன நம்ம சொந்தங்கதான். அவங்க என்ன அரசியல் பேசினாங்க? எந்த ஜெனரல எதுத்தாங்க? ஒண்ணும் இல்ல. நல்ல விருந்தாளிங்களாத்தான் இருந்தாங்க.

"செட்டியாருங்க நிலத்த எல்லாம் வாங்கிப் போட்டாங்களே, அதான பாமாவுக்கு கோவம்"னு சொல்வீங்க. உண்மைதான். 1930கள் முடியறப்போ கீழ் பர்மாவுல நெல்லு வெளையிற 13 ஜில்லாவுல கால்வாசி நிலம் அவங்க கையில இருந்துச்சு, நெல்லு வெல விழுந்து வட்டி கட்ட முடியாம நிலத்த எழந்த பாமா விவசாயியோட கோவத்த நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா எங்க கொள்ளுத்தாத்தா வட்டிக்கு விடல, கடன் வாங்கித்தான் இங்க வந்தார். 64ல கப்பல் ஏறுன சலவைக்காரரும் பால்காரரும் எந்த நிலத்த வாங்குனாங்க?

அடுத்த வருஷத்துல பள்ளிக்கூடங்களையும் எடுத்துக்கிட்டாங்க, தமிழ்ப் பள்ளிக்கூடம் போச்சு, பத்திரிகையும் நின்னுச்சு. நான் இப்ப எழுதுற இந்த எழுத்து கோயில் திண்ணையில சாயங்காலம் ஒரு அக்கா சொல்லிக் குடுத்தது. அதே கோயில்லதான் இப்ப பொன்னாடை போத்துறீங்க. எனக்கு வலிக்குது, இத வேற எப்படி சொல்றதுன்னு தெரியல.

இன்னும் ஒண்ணு இருக்கு, இதுக்கு திட்டு விழும்னு தெரியும். அந்த வீடியோவுல பெரியவர் போற போக்குல "நாங்க அவங்க மாதிரி இல்ல"ன்னு சொன்னத கேட்டீங்களா? அவங்கன்னா யாருன்னு எல்லாருக்கும் புரிஞ்சுது. 2017ல பட்டாளத்துக்குப் பயந்து ஏழு லட்சத்துக்கு மேல ரோஹிங்கியா முஸ்லிம் ஜனங்க பங்களாதேஷ் ஓடுனப்போ நம்ம தெருவுலயும் சந்தோஷப்பட்டவங்க இருந்தாங்க. "அவங்க ராக்கைன் மாநிலத்து காமவுங்செய்க்ல இந்துக்கள கொன்னாங்களே"ன்னு உடனே வருவீங்க. ஆமா, கொன்னாங்க, ரோஹிங்கியா ஆயுதக் கும்பல் ஒண்ணு கொன்னுச்சு, பொம்பளைங்க புள்ளைங்கன்னு பாக்கல, அத நெனச்சா இப்பவும் வயிறு எரியுது. ஆனா அதுக்கு லட்சக்கணக்கான ஜனங்க வீட்ட கொளுத்துனது நியாயமாகிடுமா? அந்தப் பொணக்குழிய தோண்டி பத்திரிகைக்காரங்கள கூட்டிட்டுப் போய் காட்டுன பட்டாளத்துக்காரங்க, எரிஞ்ச கிராமங்கள சுதந்திரமா போய்ப் பாக்க விடல. செத்த நம்ம சனங்களக் கூட அவங்க கேமராவுக்குத்தான் வெச்சுக்கிட்டாங்க. அதுலயும் கொடுமை பாருங்க, பிரஜையே இல்லன்னு துரத்துன அதே ரோஹிங்கியா பசங்கள 2024ல ராக்கைன்ல புடிச்சு பட்டாளத்துல சேத்தான். குடியுரிமை கெடயாது, யூனிஃபார்ம் உண்டு. எங்க வீட்டு வாசல்ல வந்து நின்ன தாளும் இதுவும் ஒண்ணுதான். அவங்களுக்கு நடந்தது நமக்கு நடக்காதுன்னு எந்த தைரியத்துல சொல்றீங்க?

என் சிநேகிதி ஒருத்தி, ராமநாதபுரத்துப் பக்கத்து குடும்பம், சூலியா பள்ளிவாசல் பக்கம் வீடு. வீட்டுல நம்மள விட நல்ல தமிழ் பேசுவாங்க, பெருநாளைக்கு எங்க வீட்டுக்கு பிரியாணி வரும், பொங்கலுக்கு எங்க வீட்டுல இருந்து போகும். அவளும் அந்த வீடியோவ பாத்துட்டு "நீங்க எங்கள மாதிரி இல்லையாமே"ன்னு ஒரு வரி அனுப்பியிருந்தா. இப்ப வரைக்கும் பதில் எழுத முடியல. பாமா ஒருத்தன் டீக்கடையில கலான்னு கத்துறப்ப அவளையும் என்னையும் சேத்துத்தான் கத்துனான். அவன் பிரிக்கல. நாம பிரிக்கிறோம்.

"எதுத்து சண்டை போடுறவன் மட்டும் நம்மள மதிக்கிறானா"ன்னு கேப்பீங்க. எல்லாரும் மதிக்கிறதா நான் சொல்லல. ஆனா 2021ல பட்டாளம் ஆட்சிய புடிச்சத எதுத்து தெருவுல பானை தட்டுனப்போ நம்ம பசங்களும் சேந்து தட்டுனாங்க, அன்னைக்கு யாரும் இன்னார்னு பாக்கல, அந்த வருஷம் பல பாமா பசங்க ரோஹிங்கியாகிட்ட மன்னிப்பு கேட்டு எழுதுனாங்க, 82 சட்டத்த நீக்குவோம்னு, பட்டாளத்த எதுத்து அமைச்ச மாற்று அரசாங்கம் எழுத்துல குடுத்திருக்கு. நாளைக்கு அவங்க ஏமாத்துனா அவங்களையும் கேப்பேன். இன்னைக்கு என் மருமகன் பேர லிஸ்ட்ல எழுதுனது அவங்க இல்ல.

ஐயா, உங்களுக்கு யூனிஃபார்ம்காரங்க கூட இவ்வளவு பழக்கம் இருக்கு, பக்கத்துல உக்கார வெக்கிறாங்க, பேசச் சொல்றாங்க. அடுத்த பேட்ச் லிஸ்ட் வரப் போகுது. நம்ம வார்டு பசங்க பேர, தமிழ்ப் பசங்க பேர மட்டும் இல்ல, எல்லாப் பசங்க பேரையும் லிஸ்ட்ல இருந்து எடுக்கச் சொல்லி அந்த யூனிஃபார்ம்காரர ஒரு வார்த்தை கேளுங்க. கேட்டுட்டு அவர் என்ன சொன்னார்னு அதே மேடையில, அதே மைக்ல வந்து சொல்லுங்க. சொன்ன அன்னைக்கு நான் இந்தப் பதிவ எடுத்துடுறேன்.