நாளைக்கு ரெடி

போன மாதம் எங்கள் சர்ச் பங்கில் இளைஞர்களுக்கு ஆளுமைப் பயிற்சி முகாம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாளர் கிருஷ்ணகிரி வெயிலில் கோட் போட்டிருந்தார். தினமும் கண்ணாடி முன்னால் நின்று "நான் வெற்றியாளன்" என்று மூன்று முறை சொல்லச் சொன்னார். அப்புறம் பைபிளில் வரும் தாலந்து உவமையை எடுத்தார்: வெளியூர் போகிற முதலாளி வேலைக்காரர்களிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்து கொடுத்துவிட்டுப் போக, ஒன்று வாங்கியவன் அதைப் புதைத்து வைக்கிற கதை. கடவுள் கொடுத்த திறமையைப் புதைத்து வைக்காதீர்கள் என்று முடித்தார். பசங்க கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மதியம் பிரியாணி இருந்தது.

எனக்கு அந்த உவமை விளக்கத்தோடு ரொம்ப நாளாகச் சண்டை. தாலந்து என்பது திறமை கிடையாது, பணம். ஒரு தாலந்துக்கு 6,000 தெனாரியம், ஒரு தெனாரியம் அந்தக் காலத்துக் கூலியாளின் ஒரு நாள் கூலி. இன்றைக்குக் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 36 லட்சம். ஒரே ஒரு தாலந்து கிடைத்தவன் பாவம் என்று நாம் உச்சுக் கொட்டுகிறோமே, அவன் குழிதோண்டிப் புதைத்தது அவ்வளவு பணத்தை. அதுவும் முதலாளியின் பணம். ஆங்கிலத்தில் டேலன்ட் என்றால் திறமை என்ற பொருளே பல நூற்றாண்டு கழித்து இந்த உவமையிலிருந்து வந்ததுதான். மத்தேயு 25-ல் முதலாளி திரும்பி வந்ததும் என்ன செய்கிறார்? உட்கார்ந்து கணக்குக் கேட்கிறார். பாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாயா என்று கேட்கவில்லை.

கணக்கு என்றதும் எனக்கு எலத்தகிரிப் பக்கம் இருந்த பாட்டி ஞாபகம். ராத்திரி செபமாலை முடிந்ததும் உடனே எழுந்திருக்க விடமாட்டார். "இன்னைக்கு யாருக்கு என்ன குறை வெச்சே, யோசி" என்பார். ஒரு நிமிடம்தான். பேரப்பிள்ளைகள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் கிள்ளுவோம்.

இதற்கு ஆன்ம சோதனை என்று பெயர் என்பதும், இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் இதை எவ்வளவு நுணுக்கமாகச் சொல்லியிருக்கிறார் என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது. அவர் படைவீரர். 1521-ல் பம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்தவர். அவர் சொல்கிற முறை இது: ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள். அதில் தவறும்போதெல்லாம் நெஞ்சில் கை வை, பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடத் தெரியாது. மதியம் ஒரு முறை, இரவு ஒரு முறை எண்ணிப் பார்த்துக் கோட்டின்மேல் அத்தனை புள்ளி வை. நேற்றைய புள்ளியோடு இன்றையதை, போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிட்டுப் பார். 1548-லேயே அச்சில் வந்த விஷயம். இப்போது இதையே செல்போன் ஆப் ஆக்கி மாதச் சந்தா கேட்கிறார்கள்.

நான் எடுத்துக்கொண்ட குறை, "நாளைக்கு ரெடி". எனக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. எரிந்த காயிலைப் பிரித்து எடுத்து, புதிதாகச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைக்க, கையில் இருக்கிற வேலையையும் சேர்த்தால் மூன்று நாள் ஆகும். ஆனால் தண்ணீர் இல்லாமல் தக்காளிச் செடி காய்கிறது என்று ஒருவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்றால் வாய் தானாக "நாளைக்கு ரெடிண்ணா" என்றுவிடும். ஃபோன் வந்தால் "ராயக்கோட்டை ரோட்டுலதான் வந்துட்டு இருக்கேன்" என்பேன், தலையில் சோப்பு நுரையோடு. முதல் வாரம் 31 புள்ளி. நெஞ்சில் கை வைத்து வைத்து, "என்னண்ணே வலிக்குதா, டாக்டரப் பாக்கலாமா" என்று கடைப் பையன் பயந்துவிட்டான்.

"‘ஆம்’ என்றால் ‘ஆம்’ எனவும் ‘இல்லை’ என்றால் ‘இல்லை’ எனவும் சொல்லுங்கள்" என்று இயேசுவின் மலைப்பொழிவில் இருப்பதைச் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவன் நான். பிளாஸ்டிக் சோப்பு டப்பா. வசனம் வாயில் இருந்தது, கடைக்கு வரவில்லை. மூன்று நாள் என்று உண்மையைச் சொல்ல ஆரம்பித்ததும் சிலர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்கள். நேர்மையாக இருந்தால் வியாபாரம் பெருகும் என்று மேடையில் சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. எனக்குக் கிடைத்த லாபம் வேறு. எந்த மோட்டாரை எப்போது எடுப்பது என்று தெரிந்தது, ஃபோன் அடித்தால் வயிற்றைக் கலக்குவது நின்றது.

புள்ளி வைக்கிற பழக்கத்தில் ஒரு ஆபத்து உண்டு. சின்னக் குறையைத் தேடப்போனால் பெரியது ஒன்று தட்டுப்படும். கடை வைப்பதற்கு முன்னால் ஒரு சீசன் மாங்காய் மண்டியில் எடை எழுதினேன். காலி கிரேட் ஒன்றரைக் கிலோ. நாங்கள் இரண்டு கிலோ என்று கழிப்போம். எல்லா இடத்திலும் இதுதான் என்று சொல்லிக்கொடுத்தார்கள். வேப்பனப்பள்ளிப் பக்கத்து விவசாயி ஒருவர் அந்த சீசனில் 11 லோடு பெங்களூரா மாங்காய் கொண்டுவந்தார். லோடுக்கு 40 கிரேட். கிரேட்டுக்கு அரைக் கிலோ, ஆக 220 கிலோ. அன்றைய விலை கிலோ 20 ரூபாய், 4,400.

சர்ச்சில் சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். சாமியார், "மன்னிப்பு இங்க கிடைக்கும். பணத்த அவர்கிட்டதான் குடுக்கணும்" என்றார். பைபிளில் வரும் வரி வசூலிப்பவன் சக்கேயு, ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்கு திருப்பிக் கொடுக்கிறேன் என்றான், அந்தக் கணக்கில் 17,600. எனக்கு அந்த அளவு மனசு வரவில்லை, 4,400-ஐ மட்டும் கவரில் போட்டு எடுத்துப் போனேன்.

அந்த விவசாயி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் கவரைப் பிரித்து, விரலை நனைத்து எண்ணினார்.

"அப்பவே தெரியும் தம்பி. காலி கிரேட்ட நானும்தான தூக்குறேன்?"

கேட்டிருக்கலாமே என்றேன். "கேட்டா அடுத்த லோட எவன் எடுப்பான்?" என்றார். அடுத்த வருஷமே வேறு மண்டிக்கு மாறிவிட்டாராம். பணத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நன்றி, மன்னிப்பு என்றெல்லாம் எதுவும் சொல்லவில்லை. டீ கொடுத்தார்.

கிளம்பும்போது கேட்டார். "மோட்டார் கட்டுறியாமே. நம்மளது ஒண்ணு எரிஞ்சு கெடக்குது. எத்தன நாள்ல குடுப்ப?"

நாளைக்கு என்று நாக்கு நுனி வரை வந்தது. "மூணு நாள் ஆகும்" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.