அந்தப் பயிற்சிக்குக் காசு கட்டாதீர்கள்

'அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வுப் பயிற்சிக்கு வன்னிப் பிள்ளைகளும் போகலாம், பதிவுக் கட்டணம் கட்டினால் போதும்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் பிழை. பல்கலைக்கழக மாணவர்களுக்கும் புதிதாகப் பட்டம் முடித்தவர்களுக்கும் அங்கே நடக்கும் பயிற்சிகளுக்கு அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ வேண்டும். விண்ணப்பக் கட்டணமே கிடையாது. ஆய்வாளர் ஒருவரின் கீழ் வேலை பழகுகிறவருக்கு அந்த நிறுவனம்தான் உதவிப்பணம் கொடுக்கிறது.

நேற்று கிளிநொச்சி அறிவியல்நகர் வளாகத்தில் படிக்கிற தங்கச்சி ஒருத்தி, இதற்காகத் தாயின் சங்கிலியை அடைவு வைத்த துண்டைக் காட்டினாள். நெஞ்சு பதறிவிட்டது.

சரி, வேறு வழி இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர்இரசாயன, மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழில்நுட்ப நிறுவனத்தில் புற்றுநோய் ஆய்வு நடக்கிறது. அங்குள்ள ஆய்வாளர்களுக்கு நீங்களே மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். நடுவில் ஆள் வேண்டாம்.